தனியாக வரும் பெண்ணுக்கு ராமேஸ்வரம் பாதுகாப்பானதா? கேள்வியைக் கொஞ்சம் உடைத்துப் பார்ப்போம்

2022 டிசம்பரில் பாம்பன் ரயில் பாலத்தில் போக்குவரத்து நின்றது. தீவுக்குப் போகிறவர்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி பஸ் பிடித்தார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய தூக்குப் பாலம் திறந்த பிறகு ரயில்கள் மறுபடி ராமேஸ்வரம் வரை போகின்றன, சென்னையில் ராத்திரி ஏறிப் படுத்தால் கோயில் வாசலுக்குப் பக்கத்தில் கண் விழிக்கலாம். தனியாகக் கிளம்பும் பெண்களுக்கு இது பெரிய வசதி.

ஆனால் அதற்குச் சில மாதம் முன்னால், 2024 டிசம்பரில், அக்னி தீர்த்தக் கடற்கரையை ஒட்டிய ஒரு தனியார் உடைமாற்றும் அறையில் மறைத்து வைத்த கேமரா பிடிபட்டது. அதைக் கண்டுபிடித்தது உடை மாற்றப் போன ஒரு பெண். இரண்டு பேர் கைதானார்கள். அப்புறம் 2025 ஆகஸ்டில் தேசிய மகளிர் ஆணையம் பெண்களுக்குப் பாதுகாப்பான நகரங்கள் என்று ஒரு பட்டியலை வெளியிட்டது. மூன்றையும் சேர்த்துப் போட்டுக் குழப்பிக்கொண்டு எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: ராமேஸ்வரம் சேஃபா, இல்லையா?

இந்தக் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. ஊர் முழுவதற்கும், நாள் முழுவதற்கும் பொருந்தும் பாதுகாப்பு என்று ஒன்று கிடையாது. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்தக் காரியமாக, அங்கே நடப்பதற்கு யார் பொறுப்பு என்று பிரித்துக் கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும். ராமநாதபுரம் கடற்கரையை வைத்தே அப்படிப் பிரித்துப் பார்க்கலாம்.

பட்டியல்கள் எதை அளக்கின்றன?

முதலில் பட்டியல் மயக்கத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் சுற்றும் நகரப் பட்டியல்கள் எல்லாம் ஒரே விஷயத்தை அளப்பவை இல்லை.

1. கேட்டு எழுதிய அளவு. மகளிர் ஆணையம் வெளியிட்ட ‘நாரி 2025’ இந்த வகை. 31 நகரங்களில் 12,770 பெண்களிடம் கேட்டு எடுத்தது. கோஹிமா, விசாகப்பட்டினம், புவனேஸ்வர், ஐஸ்வால், காங்டாக், இட்டாநகர், மும்பை ஆகியவை மேலே வந்தன. பாட்னா, ஜெய்ப்பூர், ஃபரிதாபாத், டெல்லி, கொல்கத்தா, ஸ்ரீநகர், ராஞ்சி கீழே போயின. கேட்கப்பட்டவர்களில் 40 சதவீதம் பேர் தங்கள் நகரம் அவ்வளவாகப் பாதுகாப்பில்லை அல்லது பாதுகாப்பே இல்லை என்றார்கள். இது அந்த ஊரில் குடியிருக்கும் பெண்ணின் மனசு. எந்தச் சந்தில் திரும்பினால் யார் வீடு வரும் என்று அவளுக்குத் தெரியும். பையோடு வந்து இறங்குகிறவளுக்கு அது தெரியாது.

2. பதிவான குற்றங்களின் அளவு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் தருவது. ஒரு லட்சம் பெண்களுக்கு எத்தனை வழக்கு என்று கணக்கு. இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கணவரும் கணவர் வீட்டாரும் செய்யும் கொடுமை வழக்குகள், பயணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தவிர, புகார் வாங்க மறுக்கும் ஊரில் எண்ணிக்கை குறையும், தைரியமாகப் புகார் கொடுக்கும் ஊரில் கூடும். கோயில் ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வந்து போகிற லட்சக்கணக்கான பேர் மக்கள்தொகையில் சேரமாட்டார்கள், ஆனால் அவர்களுக்கு நடக்கும் குற்றம் அந்த ஊர்க் கணக்கில் சேரும்.

3. வேலைக்கான அளவு. அவதார் குழுமம் வெளியிடும் பெண்களுக்கான சிறந்த நகரங்கள் பட்டியலில் 2022, 2023 இரண்டு ஆண்டும் சென்னை முதலிடம், சிறு நகரங்களில் திருச்சி முதலிடம். தமிழ்நாட்டுக்காரர்கள் பெருமையாகப் பகிர்வது இதைத்தான், பகிரட்டும். ஆனால் அது முக்கியமாகப் பெண்கள் வேலை பார்க்கவும் குடியிருக்கவும் ஏற்ற ஊர் எது என்று பார்ப்பது. ராத்திரி பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்கும் பயணியை அது அளக்கவில்லை.

4. நாடுகளின் அளவு. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக நிறுவனம் 2023-ல் வெளியிட்ட பெண்கள், அமைதி, பாதுகாப்புக் குறியீட்டில் 177 நாடுகளில் இந்தியா 128, முதலிடம் டென்மார்க். இதில் சட்டம், படிப்பு, வங்கிக் கணக்கு, உள்நாட்டுச் சண்டை எல்லாம் சேர்ந்தே வரும்.

ராமநாதபுரம், ராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டி எதுவும் இந்த நகரப் பட்டியல்களில் தலைகாட்டாது, காரணம் இவை சின்ன ஊர்கள். பணமும் அப்படித்தான் போகிறது. நிர்பயா நிதியிலிருந்து நடக்கும் பாதுகாப்பான நகரத் திட்டத்துக்கு நாடு முழுவதும் எட்டு பெருநகரங்களைத் தேர்ந்தெடுத்தார்கள், தமிழ்நாட்டில் சென்னை மட்டும். ஊர் சின்னதுதான். ஆனால் வருகிற கூட்டம் பெரிதாயிற்றே! கூட்டத்தை வைத்துப் பார்க்காமல் குடியிருப்பவர்களை வைத்து மட்டும் நகரத்தை எடைபோடும் வரை கோயில் ஊர்கள் இந்த வரிசையில் நிற்கவே முடியாது.

பாதுகாப்பு வேறு, வரவேற்பு வேறு

இரண்டையும் ஒன்றாகப் பேசுவது இன்னொரு குழப்பம். ஆபத்து இல்லாத ஊர் உன்னை வரவேற்காமலும் இருக்கலாம்.

இதற்குக் கைமேல் உதாரணம் லாட்ஜ். சன்னதித் தெரு, ரத வீதிப் பக்கம் ஒரு பெண் தனியாகப் போய் ரூம் கேட்டால் வரும் முதல் கேள்வி, “கூட யாரும் வரலையாம்மா?” இல்லை என்றால் அடுத்த பதில், “சிங்கிளுக்குக் கொடுக்கறதில்லம்மா.” தனி ஆணுக்கும் இதே பதில் கிடைக்கும் இடங்கள் உண்டு. பெரும்பாலான கோயில் ஊர்களில் இதே கதைதான். காரணமும் ரகசியம் இல்லை. தனியாக வருகிறவர் வாழ்க்கை வெறுத்து வந்திருப்பாரோ, அறைக்குள் ஏதாவது செய்துகொண்டால் ஸ்டேஷனுக்கு அலைவது யார் என்ற பயம். அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கலாம். ஆனால் அதன் விளைவு என்ன? விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு பெண்ணைப் பெட்டியோடு தெருவில் நிறுத்துவது. லாட்ஜுக்காரர் தன் பாதுகாப்பைப் பார்த்துக்கொண்டார், அவளுடையது வெளியே போய்விட்டது.

தனியாக வரும் பெண்ணுக்கு அறை தரக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான். நடைமுறைக்கு உதவுவது, கிளம்பும் முன்பே போனில் ‘நான் ஒருத்திதான் வருகிறேன்’ என்று சொல்லி உறுதி வாங்கி, முடிந்தால் அதை மெசேஜாகவும் வாங்கி வைத்துக்கொள்வது. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு ராமேஸ்வரத்திலும் இருக்கிறது. சாதி, சமூகச் சத்திரங்கள் நிறைய உண்டு, ஆனால் பலவற்றில் குடும்பமாக வந்தால்தான் இடம்.

வரவேற்பு கிடைக்கும் இடங்களும் இதே கரையில்தான் இருக்கின்றன. ராமநாதபுரம் டவுன் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதனால் எந்த நேரமும் பஸ்ஸில் பெண்கள் கூட்டம். மீன் கூடையோடு ஒருவர், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், பனையோலைப் பெட்டி விற்கப் போகிறவர். கொஞ்சம் திணறி நின்றால், “இங்கிட்டு வாத்தா, நெருக்கி உக்காரு” என்று குரல் வரும். பெண்களின் பணத்தை மிச்சப்படுத்தத்தான் அரசு இந்தத் திட்டத்தைக் கொண்டு வந்தது. ஆனால் பஸ்ஸுக்குள் பெண்கள் தலை கூடியதே ஒரு காவலாகிவிட்டது. என் கணக்கில் நாலு கேமராவை விட இது பெரிது.

இந்தக் கரையின் நேரக் கணக்கு

பொதுவாக எந்த ஊருக்கும் சொல்லும் புத்தி, ‘இருட்டினால் வெளியே போகாதே’. ராமேஸ்வரத்தில் இது பாதிதான் சரி.

கோயிலில் ஸ்படிக லிங்க தரிசனம் காலை 5 மணி முதல் 6 மணி வரை. அதற்காக நாலு மணிக்கே ஊர் எழுந்துவிடும். ரத வீதிகளில் டீக்கடை திறந்திருக்கும், பூக்கட்டும் அக்காமார் உட்கார்ந்திருப்பார்கள், வடநாட்டுக் குடும்பங்கள் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருக்கும். இருட்டுதான், ஆனால் பெண் தனியாக நடக்க நல்ல இருட்டு. ராத்திரி 9 மணிக்குக் கோயில் நடை சாத்திய பிறகு இதே தெருக்கள் மடமடவென்று காலியாகும். விளக்கு எரியும், ஆள் இருக்காது. மத்தியானமும் அப்படித்தான்: நடை சாத்தியிருக்கும் 1 மணி முதல் 3 மணி வரை வெயிலில் தெரு வெறிச்சோடும். பட்டப்பகல் என்பதற்காக அது பாதுகாப்பான நேரம் ஆகிவிடாது.

தனுஷ்கோடி நேர் எதிர். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் அழிந்த ஊர், அதன்பிறகு குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அறிவித்தார்கள். மிஞ்சிய மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் இருக்கின்றன. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச் சாலை திறந்த பிறகு அரசு பஸ்ஸே முனை வரை போகிறது. பகலில் மீன் வறுவல் கடையும் சிப்பி, சங்குக் கடையும் நடத்துவதில் பாதிப் பேர் பெண்கள். அவர்கள் கடை கட்டும் நேரம் எதுவோ அதுதான் உங்கள் நேரமும். மாலைக்கு மேல் போலீசும் யாரையும் விடமாட்டார்கள். போகும்போதே கண்டக்டரிடம் திரும்பும் கடைசி பஸ் எது என்று கேட்டுக்கொண்டு, அதற்கு முந்தின பஸ்ஸில் ஏறுவது நல்லது. கடைசி பஸ்ஸை நம்பியவர்கள்தான் யாரோ ஒருவருடைய பைக்கில் ஏறும்படி ஆகிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிரச்சினை வேறு மாதிரி. தொண்டியிலிருந்து தேவிபட்டினம், ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று போகும் இந்தச் சாலையில் தொலைதூரப் பஸ்கள் ஊருக்குள் நுழையாமல் விலக்கிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். விலக்கு என்றால் ஒரு போர்டு, ஒரு வேப்பமரம் அல்லது கருவேலங்காடு, இருந்தால் ஒரு பெட்டிக்கடை. அங்கிருந்து ஊர் ரெண்டு மூணு கிலோமீட்டர் உள்ளே. பகலில் ஷேர் ஆட்டோ வரும், ராத்திரி எட்டு மணிக்கு மேல் வராது. உள்ளூர்ப் பெண்கள் போன் போட்டு அண்ணனையோ தம்பியையோ வரச் சொல்லிவிடுவார்கள். வெளியூர்க்காரிக்கு அண்ணன் ஏது? இந்தக் கரையில் எங்கே ஆபத்து என்று ஒரே ஒரு இடத்தைக் காட்டச் சொன்னால் நான் கோயிலையும் கடலையும் விட்டுவிட்டு விளக்கில்லாத விலக்கைத்தான் காட்டுவேன். ஏறும்போதே ‘ஊருக்குள் போகுமா, விலக்கோடு சரியா’ என்று கேட்டுவிடுங்கள். விலக்கோடுதான் என்றால் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அங்கிருந்து டவுன் பஸ் பிடியுங்கள்.

உடைமாற்றும் அறை ஏன் இத்தனை முக்கியம்?

மறைகேமரா செய்தியைப் படித்த பலர் ‘கெட்டவர்கள் எங்கும் உண்டு’ என்று கடந்து போனார்கள். அது போதாது. ராமேஸ்வரத்தில் இந்தக் குற்றத்துக்கு இடம் கொடுப்பது ஊரின் அமைப்பே.

1. வழிபாட்டு முறைப்படி முதலில் அக்னி தீர்த்தம் என்கிற கடலில் முழுக்கு. அப்புறம் ஈர உடையோடு கோயிலுக்குள் போய் 22 தீர்த்தங்களிலும் நீராட வேண்டும். ஒவ்வொரு கிணற்றிலும் திட்டில் நிற்கும் ஆள் வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார்.

2. ஈர உடையோடு சாமி கும்பிடப் போக முடியாது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

3. ஆக, நீராட வரும் ஒவ்வொரு பெண்ணும் ஒரு மணி நேரத்துக்குள் முன்பின் தெரியாத ஓர் அறையில் உடை களைகிறாள். பெரும்பாலான சுற்றுலா ஊர்களில் இப்படி ஒரு கட்டாயம் இல்லை.

4. இவ்வளவு பெரிய தேவையை யார் நிறைவேற்றுகிறார்கள்? பொது அறைகள் கூட்டத்துக்குப் போதாத இடத்தில் கடைக்காரர்கள் தட்டி கட்டியோ டைல்ஸ் ஒட்டியோ அறை எழுப்பிக் காசு வாங்குகிறார்கள். அந்த அறையைக் கட்டியவர் யார், உள்ளே போய்ப் பார்த்தவர் யார் என்று எந்தக் கதவிலும் எழுதியிருக்காது.

பொது வேலை ஒன்றைக் கண்காணிப்பில்லாத தனியார் கையில் விட்டால் என்ன ஆகும் என்று இந்த மாவட்டத்துக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் எரிந்து போனார்கள். அதற்குப் பிறகுதான் காப்பகங்களுக்கு உரிமம் உண்டா என்று நாடே திரும்பிப் பார்த்தது. கேமரா விஷயம் அந்த அளவுக்குக் கொடுமை இல்லைதான், ஆனால் கோளாறு ஒன்றே.

அறைக்குள் போகிறவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். புதிதாக ஒட்டியது போல நிறம் மாறித் தெரியும் டைல்ஸ், காரணமில்லாத ஓட்டை, ஸ்விட்ச் இல்லாத பிளக் பெட்டி, உயரத்தில் தேவையில்லாமல் தொங்கும் கொக்கி, இவற்றைப் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு போன் டார்ச்சைச் சுவர் நெடுகச் சாய்வாக அடித்தால் லென்ஸ் சின்னப் புள்ளியாக மின்னும். மின்னவில்லை என்பதால் கேமரா இல்லை என்றும் நிச்சயமாகச் சொல்லிவிட முடியாது. இதையெல்லாம் விட உறுதியான வழி நம் கரையிலேயே இருக்கிறது. பாம்பன் பக்கம் கடலில் பாசி எடுத்துவிட்டு வரும் பெண்கள் அறை தேடுவதில்லை. பாவாடையை நெஞ்சுவரை ஏற்றி முடிந்துகொண்டு, அதற்குள்ளேயே ஈரத்தைக் கழற்றி உலர்ந்ததை மாட்டிக்கொள்வார்கள், பத்துப் பேர் நடுவில் நின்றாலும் ஒன்றும் தெரியாது. ஒரு நெஞ்சுப் பாவாடையோ தைத்த பெரிய துண்டோ பையில் இருந்தால் எந்த அறையானாலும் கவலை குறையும்.

சட்டம் என்ன தருகிறது?

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. எண்கள் மாறியதால் பலருக்கும் குழப்பம். தேவையானவை மட்டும்:

1. பிரிவு 77. பெண் தனிமையில் இருக்கும்போது மறைந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் குற்றம். முதல் முறை 1 முதல் 3 ஆண்டு, மறுபடி செய்தால் 3 முதல் 7 ஆண்டு என்பது சன்ஹிதாவின் அளவு. படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்புவது குற்றமே. பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது பிரிவு 78.

2. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ. சம்மதமில்லாமல் அந்தரங்கப் படம் எடுத்தாலோ பரப்பினாலோ 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

3. ஜீரோ எஃப்.ஐ.ஆர். குற்றம் நடந்தது ராமேஸ்வரத்தில், நீங்கள் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்றாலும் அங்கேயே புகார் கொடுக்கலாம். ‘எங்க லிமிட் இல்ல’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. இந்த வகைக் குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண் சொல்வதைப் பெண் காவல் அதிகாரியோ வேறு பெண் அதிகாரியோதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

4. தமிழ்நாட்டின் 1998-ம் ஆண்டுச் சட்டம். ஈவ் டீசிங் தடைச் சட்டம் என்று வந்து, பிறகு பெண்கள் மீதான தொல்லை தடுப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. இதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதே இல்லை, எனக்கு இதுதான் இருப்பதிலேயே கூர்மையான ஆயுதமாகத் தெரிகிறது. கோயில், கடற்கரை, பஸ் நிறுத்தம், ரயில் நிலையம், திருவிழா நடக்கும் இடம் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, அந்த இடத்துக்குப் பொறுப்பானவர் தொல்லையைத் தடுக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. பஸ்ஸுக்குள் தொல்லை என்று பெண் புகார் சொன்னால் ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியைக் காவல் நிலையத்துக்கு ஓட்ட வேண்டும். அதாவது ‘ஆபத்து எங்கும் உண்டும்மா’ என்று சொல்லி யாரும் கை கழுவிவிட முடியாது.

5. ரயில்வே சட்டம் பிரிவு 139. ஆண் துணையில்லாமல் போகும் பெண்ணிடம் டிக்கெட் இல்லை என்றாலும் நடு ராத்திரியில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறக்கிவிட முடியாது. அவள் ஏறிய நிலையம், சந்திப்பு, கடைசி நிலையம், மாவட்டத் தலைநகர் நிலையம், இவற்றில் ஒன்றில், அதுவும் பகலில்தான் இறக்கலாம்.

எண்கள்: எதற்கும் 112. பெண்கள் உதவிக்கு 181. ரயிலுக்குள் 139, பிரிவும் உதவி எண்ணும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான், மனப்பாடம் செய்ய வசதி. படமோ வீடியோவோ இணையத்தில் போய்விட்டால் 1930. கேமராவைக் கண்டால் முதல் வேலை அதைப் பிடுங்காமல் இருப்பது. அது இருக்கும் இடத்தோடு போட்டோ எடுங்கள், கதவை விட்டு நகராமல் சத்தம் போட்டு ஆள் கூட்டுங்கள், பிறகு 112. பிடுங்கிவிட்டால் அது எங்கிருந்தது என்று நிரூபிப்பது கஷ்டமாகிவிடும்.

கூட்ட நாளும் கூட்டமில்லாத ஊரும்

ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு மேலே சொன்ன நேரக் கணக்கு செல்லாது. விடிய விடியத் தெருவில் ஆள் இருக்கும், கூடுதல் போலீஸ் இருக்கும், அதனால் தனிமை ஆபத்து குறையும். பதிலுக்கு நெரிசலில் இடிப்பவர்கள், பர்ஸ் அடிப்பவர்கள், அவசரத்துக்கு முளைத்த தட்டி அறைகள். முதல் முறை தனியாக வருகிறவர் இந்த நாட்களைத் தவிர்த்தால் ஊரைப் பார்க்கவாவது முடியும்.

கோயில் வேண்டாம், கடல் மட்டும் போதும் என்றால் காரங்காடு பக்கம் போகலாம். தொண்டி சாலையில் வரும் மீனவ ஊர். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து சதுப்புநிலக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள், துடுப்புப் படகும் உண்டு. ஊர்ப் பெண்கள் நண்டும் மீனும் சமைத்துப் போடுகிறார்கள். எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்தது, யார் வந்தார்கள், எந்தப் படகில் போனார்கள், திரும்பினார்களா என்பது சமைக்கும் பெண்களிலிருந்து படகுக்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். தங்கும் இடத்தை மட்டும் ராமநாதபுரத்திலோ தொண்டியிலோ வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பினால் வெளிச்சத்திலேயே மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் பிடித்துவிடலாம், சாயங்காலம் வரை இருப்பதென்றால் திரும்புவதற்கு ஆட்டோ வருமா என்று சாப்பாடு போடும் அக்காவிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.